தோற்றவருக்கும் ஓர் இடம் வேண்டும்: சர்வதேச சதுரங்கக் கூட்டமைப்புக்கு ஒரு திறந்த மடல்

சர்வதேச சதுரங்கக் கூட்டமைப்பின் (ஃபிடே) தலைவர் அவர்களுக்கும் நிர்வாகக் குழு உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

உலகச் சாம்பியன்ஷிப் போட்டியில் தோற்றவருக்கு, சாம்பியனுடன் மோதப்போகிறவரைத் தேர்ந்தெடுக்கும் அடுத்த கேண்டிடேட்ஸ் தொடரில் நேரடி இடம் தரும் வழக்கம், 2013 முதல் 2024 வரை நடந்த ஏழு தொடர்களிலும் இருந்தது. 2026ஆம் ஆண்டுத் தொடருக்கான எட்டு இடங்களும் உலகக் கோப்பை, கிராண்ட் ஸ்விஸ் ஆகிய தொடர்கள், ஓராண்டுப் போட்டிகளின் புள்ளிப் பட்டியலான ஃபிடே சர்க்யூட், ஆட்டக்காரர்களின் தரப்புள்ளி ஆகிய வழிகளுக்கே பகிர்ந்தளிக்கப்பட்டதால் அது இல்லாமல் போயிற்று. அந்த ஓர் இடத்தைத் திரும்பத் தர வேண்டும் என்று கேட்டுக்கொள்ளவே இதை எழுதுகிறேன்.

உலகப் பட்டத்துக்கான ஆட்டங்களை ரசிகர்கள் நினைவில் வைத்திருப்பதற்குக் காரணம், எதிரெதிரே அமர்ந்த இருவர் ஒருவரையொருவர் விடாமல் துரத்தியதுதான். சோவியத் ஆட்டக்காரர்களான கார்ப்போவும் காஸ்பரோவும் 1984 முதல் 1990 வரை ஐந்து பட்டப் போட்டிகளில் 144 ஆட்டங்கள் ஆடினார்கள். அவற்றில் காஸ்பரோவ் 21 ஆட்டங்களையும் கார்ப்போவ் 19 ஆட்டங்களையும் வென்றார்கள் என்றால், எவ்வளவு நெருக்கமான மோதல் அது! இந்த நீண்ட பகையை அவர்களுடைய குணங்கள் மட்டும் வளர்த்துவிடவில்லை. 1985இல் காஸ்பரோவிடம் பட்டத்தை இழந்த கார்ப்போவுக்கு மறுபோட்டி உரிமை இருந்ததால்தான் 1986இல் மீண்டும் ஆட முடிந்தது. அதிலும் தோற்ற பிறகு, 1987இல் ஸ்பெயினின் லினாரெஸில் நடந்த தகுதிப் போட்டியில் சோகோலோவை வென்று வருவதற்கு விதிகள் அவருக்கு இன்னொரு வழியை வைத்திருந்தன. அந்த வழி இருந்திராவிட்டால், அதே ஆண்டு ஸ்பெயினின் செவில்லா நகரில் அவர்கள் ஆடிய பட்டப் போட்டியே இல்லை. அங்கே 23ஆவது ஆட்டத்தை வென்று கார்ப்போவ் 12–11 என முன்னிலை பெற்றுவிட, கடைசி ஆட்டத்தை வென்றே தீர வேண்டிய நிலையிலும் காஸ்பரோவ் அவசரப்படாமல் அமைதியாகக் காய்களை நகர்த்தி, 64 நகர்வுகளில் வென்று 12–12 எனச் சமன் செய்து, நடப்புச் சாம்பியன் என்ற முறையில் பட்டத்தைத் தக்கவைத்தார். சதுரங்க வரலாற்றில் அதற்கு ஈடான ஒரு நாளை என்னால் எளிதில் சொல்ல முடியவில்லை.

அண்மைக் காலத்திலும் இதற்குச் சான்று உண்டு. 2013இல் சென்னையில் கார்ல்சனிடம் பட்டத்தை இழந்த ஆனந்தின் காலம் முடிந்துவிட்டது என்று பேசியவர்கள் பலர். நேரடி இடத்தின் மூலம் 2014 கேண்டிடேட்ஸ் தொடருக்குள் நுழைந்த அவர், 44 வயதில் அதை வென்று, அதே ஆண்டு சோச்சியில் மீண்டும் கார்ல்சனுக்கு எதிரே அமர்ந்தார்.

2021இல் துபாயில் கார்ல்சனிடம் தோற்ற ரஷ்யாவின் நெப்போம்னியாச்சியும் அதே வழியில்தான் நுழைந்து 2022இல் மாட்ரிட்டில் கேண்டிடேட்ஸ் தொடரை வென்றார், ஆனால் கார்ல்சன் இன்னொரு பட்டப் போட்டி ஆடத் தமக்கு ஊக்கமில்லை என்று விலகிவிட்டாரே என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். துபாயில் 7.5–3.5 என வென்றுவிட்ட ஒருவருக்கு மீண்டும் ஆசையை ஊட்ட எந்த விதியாலும் முடியாது. ஆனால் தோற்றவரின் ஆசையை விதியால் காப்பாற்ற முடியும். துபாயில் நொறுங்கிப்போன நெப்போம்னியாச்சி மாட்ரிட்டில் ஓர் ஆட்டத்தில்கூடத் தோற்கவில்லை. அடுத்த ஆண்டு அஸ்தானாவில் நடந்த பட்டப் போட்டியில் சீனாவின் டிங் லிரெனுடன் 7–7 என்று சமனாக நின்று, விரைவு ஆட்டங்களில்தான் பட்டத்தைத் தவறவிட்டார். வெற்றி பெற்றவரின் சலிப்பு கூட்டமைப்பின் கையில் இல்லை. தோற்றவரின் வேட்கையோ உங்கள் ஒழுங்குவிதிகளின் ஒரே வரியில் இருக்கிறது.

சாம்பியன் போட்வின்னிக்கின் காலத்தில் இருந்தது போல, பட்டத்தை இழந்தவர் நேரடியாக மீண்டும் சாம்பியனுடன் மோதும் மறுபோட்டி உரிமையை நான் கேட்கவில்லை. அவரை வென்ற ஸ்மிஸ்லோவும் தாலும் ஓராண்டிலேயே பட்டத்தைத் திருப்பிக் கொடுக்க நேர்ந்த அந்த ஏற்பாடு, சாம்பியனுக்கு அளவுக்கு மீறிச் சாதகமானது. அது கைவிடப்பட்டது சரியே. நான் கேட்கும் இடத்தைப் பெறுபவரோ, ஏழு பேருடன் 14 சுற்றுகள் ஆடி முதலிடம் பெற்றால்தான் பட்டப் போட்டியை எட்ட முடியும். அதற்குள்ளே சலுகை எதுவும் இல்லை.

ஆடாமல் ஒதுங்கியிருப்பவருக்கு இடம் வீணாகிவிடும் என்ற அச்சம் இருந்தால், தோற்றவர் அடுத்த தொடருக்கு முன் குறிப்பிட்ட எண்ணிக்கையிலான ஆட்டங்களை ஆடியிருக்க வேண்டும், இல்லையெனில் அவ்விடம் தரப்புள்ளி வரிசையில் அடுத்தவருக்குச் செல்லும் என்று நிபந்தனை விதியுங்கள். 2026க்குப் பிந்தைய சுற்றின் தகுதி விதிகளை முடிவு செய்யும்போது இக்கோரிக்கையைப் பரிசீலித்து, முடிவு எதுவாயினும் அதற்கான காரணத்தை ஆட்டக்காரர்களுக்கும் ரசிகர்களுக்கும் வெளிப்படையாகத் தெரிவிக்குமாறு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு சதுரங்க ரசிகர்