சமாதானம் சொன்னது யார்?

ஆசிரியர் அவர்களுக்கு,

பாசனச் சானலின் கடைசியில் இருக்கும் கடைவரம்பு வயல்களுக்குத் தண்ணீர் வராததைக் கண்டித்து நாங்கள் செய்த சாலை மறியல், சென்ற வாரம் தங்கள் நாளிதழில் படத்துடன் வந்திருந்தது. நன்றி. ஆனால் அதன் கடைசி வரி, 'அதிகாரிகள் சமாதானப்படுத்தியதை அடுத்து விவசாயிகள் கலைந்து சென்றனர்' என்று முடிகிறது. யாரும் எங்களைச் சமாதானப்படுத்தவில்லை. ஜீப்பில் வந்தவர் இறங்காமலே 'பார்க்கிறோம்' என்றார். பின்னால் பஸ்கள் வரிசை கட்டி, பள்ளிப் பிள்ளைகள் வெயிலில் நின்றார்கள். அதற்காக எழுந்தோம், அவ்வளவுதான்.

எங்கள் குமரி மாவட்டத்தில் 'இதற்கு யார் சமாதானம் சொல்வது?' என்று கேட்டால், யார் பொறுப்பு, யார் பதில் சொல்வார் என்று பொருள். பழைய சாஸ்திர விவாதங்களிலும் ஆட்சேபத்துக்கு அளிக்கும் விடைக்குச் சமாதானம் என்றுதான் பெயர். பதில் வராமல் கோபத்தை மட்டும் ஆறப்போட்டால், அதைச் சமாதானம் என்று எப்படி எழுதுவது? கலைத்தார்கள் என்று எழுதுங்கள், சரியாக இருக்கும்.

1982 மண்டைக்காட்டுக் கலவரத்துக்குப் பிறகு குன்றக்குடி அடிகளார் இங்கே வந்து இந்து, கிறிஸ்தவர் என இரு தரப்பாரிடமும் பேசினார். அந்தப் பணிக்குச் சொன்ன 'சமாதானம்' என்ற சொல்லை ஜீப்பின் ஜன்னல் வழியே வந்த ஒரு 'பார்க்கிறோமு'க்கும் சொல்வது எனக்குப் பொறுக்கவில்லை.

பேச்சிப்பாறை அணையின் நீர்மட்டத்தை நாள்தோறும் அச்சிடுகிறீர்கள். 48 அடி அணை நிரம்பி வருவதை நானும் காலையில் காபியோடு படித்துவிட்டுத்தான் வயலுக்குப் போகிறேன். அங்கே கும்பப்பூ பருவ நெல் நட்ட வயலில் விரல் நுழையும் அளவுக்கு வெடிப்பு. சானலில் ஆகாயத்தாமரை பாய் விரித்தது போல் கிடக்கிறது. எங்கள் மடையின் ஷட்டர் துருப்பிடித்துப் பாதியில் நிற்கிறது. கம்பியால் நெம்பினாலும் அசையாது. மேல்மடைக்காரர்கள் பாய்ச்சியது போக மிச்சம்தான் எங்களுக்கு, மிச்சமும் இப்போது இல்லை.

அடுத்த மறியல் செய்தியில் மூன்று விவரம் சேர்க்க நிருபரிடம் சொல்லுங்கள்: வாக்குக் கொடுத்த அதிகாரியின் பதவி, எந்தத் தேதிக்குள் தண்ணீர், எழுதிக் கொடுத்தாரா, வாயால் சொன்னாரா. அந்தத் தேதியில் ஒரு நடை வந்து மடையைப் பார்த்தால் இன்னும் நல்லது. பஸ் நிறுத்தத்திலிருந்து வரப்பு வழியாக நானே அழைத்துப் போகிறேன்.

இப்படிக்கு,
கடைவரம்பு விவசாயி ஒருவர்,
அகஸ்தீஸ்வரம் வட்டம், கன்னியாகுமரி மாவட்டம்.