ஊறிய உளுந்து காத்திருக்காது

எங்கள் மாவை வாங்கும் அனைவருக்கும்,

அப்பா நேற்று மாலை மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டார். இதை எழுதும்போது கூடத்தில் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து ஒலி 968 வானொலி கேட்டுக்கொண்டிருக்கிறார். இடது கை இன்னும் சொன்னபடி கேட்கவில்லை. ஆனால் பேச்சு தெளிவாக இருக்கிறது. அவரை ஆம்புலன்ஸில் ஏற்றிக்கொண்டு போன அந்த வெள்ளிக்கிழமை இரவு நடந்தது உங்களில் பெரும்பாலோருக்குத் தெரியும். அதைத் திரும்பச் சொல்ல எனக்குத் தெம்பில்லை. நன்றியை மட்டும் ஆறப்போட மனம் வரவில்லை.

மாவு அரைக்கிற வீட்டில் பிறந்தவர்களுக்கு ஒன்று தெரியும். உளுந்தை ஊறப்போட்டுவிட்டால் அதன்பின் நேரம் நம்முடையதல்ல, அதனுடையது. நான்கு மணி நேரம் போதும். அதற்கு மேல் இந்தச் சிங்கப்பூர் வெப்பத்தில் விட்டால் தண்ணீர் நுரைக்கும், வாடை மாறும், எவ்வளவு ஆட்டினாலும் மாவு பொங்கி எழாது. உளுந்தின் கொழகொழப்புதான் புளிக்கும்போது உண்டாகும் வாயுவைப் பிடித்து வைத்து இட்லியைப் பூப்போல ஆக்குகிறது. அது கெட்டால் அரிசியும் வீண். அன்று இரவு பதினைந்து கிலோ உளுந்தும் அறுபது கிலோ புழுங்கல் அரிசியும் தொட்டிகளில் ஊறிக்கொண்டிருந்தன. ஆம்புலன்ஸ் வந்ததும் நாங்கள் ஏறிவிட்டோம். கதவைப் பாதி இறக்கினேனா, விளக்கை அணைத்தேனா, எதுவும் நினைவில் இல்லை. உளுந்தைப் பற்றிய எண்ணமே வரவில்லை.

எங்கள் மாவுக்கூடத்துக்கு அடுத்த கூடத்தில் ஒரு சீனப் பெரியவர் தவ்குவா (சோயாக்கட்டி) செய்கிறார். உட்லண்ட்ஸ் தொழிற்பேட்டையில் பல ஆண்டுகளாக நாங்கள் சுவருக்குச் சுவர். அவரும் சோயாவை ஊறவைத்து நள்ளிரவுக்குப் பிறகு அரைக்கிறவர். தீபாவளிக்கு நாங்கள் முறுக்கு கொடுப்போம், சீனப் புத்தாண்டுக்கு அவர் இரண்டு ஆரஞ்சுப் பழங்கள் கொடுப்பார். எனக்கும் அவருக்கும் அதற்கு மேல் பழக்கம் இல்லை. அவர் கூடத்துக்குள் நான் ஒருமுறைகூடப் போனதில்லை என்பதை இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

ஒரு மணிக்கு வேலைக்கு வந்தவர் எங்கள் கதவு பாதி திறந்திருப்பதையும் உள்ளே ஆள் இல்லாததையும் பார்த்திருக்கிறார். குனிந்து உள்ளே வந்தவர் கண்ணில் முதலில் பட்டது உளுந்துத் தொட்டி. என்ன ஆயிற்று என்று அவருக்குத் தெரியாது. யாரையும் கேட்கவும் முடியாது. ஆனால் அந்தத் தண்ணீரின் மேல் படர்ந்திருந்த நுரையை அவருக்குப் படிக்கத் தெரிந்திருந்தது. பழைய தண்ணீரை வடித்துவிட்டு, தம்முடைய நீல வாளியில் ஐஸ் கொண்டுவந்து கொட்டி, புதுத் தண்ணீர் ஊற்றியிருக்கிறார். ஐஸ் கரையக் கரைய மறுபடியும். தம் வேலைக்கும் எங்கள் தொட்டிக்கும் நடுவே விடியும்வரை நடந்திருக்கிறார்.

காலை ஆறு மணிக்கு என் தம்பி கதவைப் பூட்டுவதற்காக அங்கே போனான். பெரியவர் ஒரு நெய் டின்னைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்திருந்தாராம். அவருக்குத் தமிழ் தெரியாது, தம்பிக்குச் சீனம் தெரியாது. இருவருக்கும் தெரிந்த மலாயில் சொன்னார்: "கச்சாங் தா போலே துங்கு." பருப்பு காத்திருக்காது. அவ்வளவுதான். ஐஸுக்கான பணத்தைத் தம்பி நீட்டியபோது கையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார்.

பூட்ட வந்தவன் பூட்டவில்லை. அப்பா இல்லாமல், வாழ்க்கையில் முதல்முறையாகத் தனியாக, கிரைண்டரைப் போட்டான். ஒரு சிட்டிகை உளுந்து மாவைத் தண்ணீரில் போட்டால் மிதக்க வேண்டும் என்பது அப்பாவின் கணக்கு. மிதந்தபோது எனக்குப் போன் செய்து அழுதான். நான் மருத்துவமனை நடைபாதையில் நின்று அழுதேன். அந்த நாற்பத்தெட்டு மணி நேரத்தில் எங்களுக்கு வந்த முதல் நல்ல செய்தி அது.

1985இல், நாடு சுதந்திரத்துக்குப் பின் தன் முதல் பொருளியல் மந்தநிலையைச் சந்தித்தபோது, கப்பல் பட்டறை வேலையை இழந்த அப்பா கோயம்புத்தூர் கிரைண்டர் ஒன்றை வைத்துத் தொடங்கியது இந்தத் தொழில். 2020இல் ஊர் அடங்கியிருந்தபோதும், 2023 ஆகஸ்ட்டில் இந்தியா புழுங்கல் அரிசிக்கு 20 விழுக்காடு ஏற்றுமதி வரி போட்டபோதும் ஒரு நாளும் ஆட்டாமல் இருந்ததில்லை என்பார். நாற்பதாவது ஆண்டு நிறைவு நாள் அந்த ஞாயிற்றுக்கிழமைதான். அன்றும் மாவு போனது. பன்னிரண்டு மணிக்குத்தான் போனது, ஆனால் போனது.

அதுவரை பொறுத்திருந்த தேக்கா சந்தைக் கடைக்காரர்களுக்கும், காசை முன்கூட்டியே கொடுத்தனுப்பியவர்களுக்கும், பாக்கியைப் பற்றிப் பேச்சே எடுக்காத அரிசி வியாபாரிக்கும், அம்மாவுக்கு மூன்று வேளையும் சாப்பாடு கொண்டுவந்த எங்கள் அடுக்குமாடி புளோக் அக்காமார்களுக்கும், தனக்கு ஓய்வு நாள் என்பதையே சொல்லாமல் வேன் ஓட்டிய ஓட்டுநருக்கும், ஆம்புலன்ஸில் வந்த இரு இளைஞர்களுக்கும், அப்பாவை "ஐயா" என்று தமிழில் கூப்பிடக் கற்றுக்கொண்ட பிலிப்பினோ மருத்துவமனைத் தாதிக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. பெயர்களை விட்டுவிட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். ஒவ்வொரு பெயரும் அம்மாவின் நோட்டுப் புத்தகத்தில் இருக்கிறது.

நாற்பதாவது ஆண்டுக்கு விருந்து வைக்கப் பணம் ஒதுக்கியிருந்தோம். அது இப்போது மருத்துவச் செலவுக்குப் போய்விட்டது, வருத்தமில்லை. ஒன்று மட்டும் நானும் தம்பியும் பேசி முடிவு செய்திருக்கிறோம். இனி எந்த இரவும் பக்கத்துக் கூடத்தின் கதவை ஒருமுறை எட்டிப் பார்க்காமல் எங்கள் கதவைப் பூட்டமாட்டோம்.

அந்த நீல வாளி இன்னும் எங்களிடம் இருக்கிறது. திருப்பிக் கொடுக்கப் போன தம்பியை அப்பா தடுத்துவிட்டார். தாமே நடந்துபோய்க் கொடுக்க வேண்டுமாம். இன்னும் சில வாரங்கள் ஆகும் என்கிறார் மருத்துவர். அதுவரை கழுவிக் கவிழ்த்து, கிரைண்டர் பக்கத்தில் வைத்திருக்கிறோம்.

நன்றியுடன்,
மாவுக்கடைக்காரர் மகள்