ஒன்றரை கிராம் குறைந்த அன்று: 47-ஆம் எண்ணுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள 47-ஆம் எண்ணுக்கு,

எங்கள் சிறுகதைப் போட்டிக்கு நீ அனுப்பிய கதையின் எண் இது. உன் பெயர் எனக்குத் தெரியாது. கதைத்தாளில் பெயர் இருக்கக் கூடாது, பெயரையும் பள்ளியையும் தனி உறையில் போட்டு ஒட்டித் தர வேண்டும் என்று விதி வைத்ததே நாங்கள்தான். பரிசு பெற்றவர்களின் உறையை மட்டும் பிரித்தோம். உன் உறை ஒட்டியபடியே இருக்கிறது. பிரித்துப் பார்த்து உனக்கு நேராகவே எழுதிவிடலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். மற்றவர்கள் பெயரைப் பார்க்க மாட்டோம் என்று நோட்டீஸில் வாக்குக் கொடுத்திருக்கிறோம், அதை மீறக் கூடாது. அதனால்தான் ஊரறிய எழுதுகிறேன். நீ பையனா பெண்ணா என்றுகூடத் தெரியாததால் கண்ணு என்றே கூப்பிடுகிறேன். நம்ம ஊரில் அது எந்தப் பிள்ளைக்கும் பொருந்தும்.

13 முதல் 19 வயது வரை உள்ளவர்களுக்கான போட்டி. வந்த கதைகளை நடுவர்கள் மூன்று பேர் பங்கு போட்டுப் படித்தோம். எங்களில் ஒருவர் ஏற்காட்டில் இருப்பதால் கடைசிக் கூட்டத்தை அங்கேயே வைத்துக்கொண்டோம். கதைக் கட்டை மடியில் வைத்துக்கொண்டு ஞாயிறு காலை பஸ் ஏறினேன். ஏற்காடு சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவைத் தாண்டும்போது உன் கதையைக் கையில் எடுத்தேன். கலைஞரும் கண்ணதாசனும் ஒரு காலத்தில் வேலை பார்த்த சினிமா ஸ்டுடியோ அது. இப்போது அந்த நுழைவு வளைவு மட்டும் நிற்கிறது. எழுத்தை வேலையாகச் செய்தவர்கள் இருந்த ஊரில் பிள்ளைகளின் கதைகளோடு போகிறோம் என்ற சந்தோஷம் எனக்கு அந்த இடத்தில் எப்போதும் வரும்.

உன் கதையின் முதல் மூன்று பக்கத்தை அடிவாரம் வருவதற்குள் முடித்துவிட்டேன். சென்னையில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு. அர்ஜுன் நீட் தேர்வில் தோற்றுவிடுகிறான். மெரினாவுக்குப் போகிறான். அங்கே பார்வையற்ற ஒருவர் சுண்டல் விற்கிறார். மேலே படிக்காமலே முடிவு தெரிந்துவிட்டது. இந்தமுறை வந்த கதைகளில் நிறைய மெரினாவுக்குப் போயின. சேலத்திலிருந்து கடல் எவ்வளவு தூரம் என்று உனக்கே தெரியும். அத்தனை கதைகளில் நம்ம ஊர்த் தின்பண்டமான தட்டுவடை செட் ஒரே ஒரு கதையில்தான் வந்தது.

மலைப்பாதையில் மொத்தம் 20 கொண்டை ஊசி வளைவுகள். ஏழாவதோ எட்டாவதோ திரும்பும்போது நாலாம் பக்கத்துக்கு வந்தேன். அர்ஜுன் வீட்டில் வேலை செய்யும் பெண்ணுக்குச் சொந்த ஊர் சேலம் என்று ஒரு வரி. அந்த வரியைப் பிடித்துக்கொண்டு நீ ஊருக்குத் திரும்பிவிட்டாய். அங்கே உன் கையெழுத்தே மாறிவிட்டது, கவனித்தாயா? அதுவரை அச்சு மாதிரி, அடித்தல் திருத்தல் இல்லாமல் வந்த எழுத்து வலப்பக்கம் சாய்ந்து வேகமாக ஓடுகிறது. இரண்டு இடத்தில் புள்ளி வைக்க மறந்திருக்கிறாய்.

பட்டறையிலிருந்து கொலுசும் சலங்கையும் எடை போட்டுக் கொடுத்து அனுப்புகிறார்கள். அம்மா வாசல் வெளிச்சத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கோர்க்கிறாள். கோர்த்து முடித்துத் திருப்பிக் கொடுக்கும்போது அதே எடை நிற்க வேண்டும். குறைந்தால் கூலியில் பிடித்துக்கொள்வார்கள். பிறகு நீ இப்படி எழுதினாய்: "நாங்கள் பள்ளிக்குக் கிளம்பும்போது அம்மா எங்கள் உள்ளங்காலைத் துடைத்துவிட்டுத்தான் செருப்புப் போட விடுவாள். காலில் ஒட்டிக்கொண்டு வெள்ளி வெளியே போய்விடும்."

நான் தாளை மடக்கிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அடுத்த இரண்டு வரி: "ஒருநாள் எடை போட்டபோது ஒன்றரை கிராம் குறைந்தது. அம்மா எதுவும் பேசவில்லை." அவ்வளவுதான். அதற்கடுத்த வரியில் அர்ஜுன் மறுபடியும் மெரினாவில் நிற்கிறான். அலைகள் அவனுக்குத் தன்னம்பிக்கை சொல்லித் தருகின்றன. கடைசிப் பக்கத்தில் 'நீதி' என்று எழுதி அடியில் கோடும் போட்டிருக்கிறாய்.

உனக்கு ஏன் பரிசு இல்லை என்று மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். கதையாக மொத்தத்தையும் பார்த்தால் அது நிற்கவில்லை. முதல் பரிசு பெற்ற கதையில் எனக்கு ஒரு குறையும் இல்லை. சில்வர் ஓக் மரத்தில் ஏணி சாய்த்து மிளகு பறிக்கும் அப்பாவைப் பற்றி மலைக்கிராமத்துப் பிள்ளை எழுதியது, நீயும் படித்துப் பார். நான் சொல்ல வந்தது மதிப்பெண் தாளைப் பற்றி. நூற்றில் முப்பது கருத்துக்கு என்று நாங்கள் ஒதுக்கியிருந்தோம். உன் கதைக்குக் கருத்தில் 26 போட்டேன். அமைப்பில் எட்டு மதிப்பெண் குறைத்தேன், நாலாம் பக்கம் கதையோடு ஒட்டவில்லை என்று. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்ட அதே நான்தான், மேலே போய் மேஜையில் உட்கார்ந்ததும் இப்படிப் போட்டேன். சுண்டல் விற்றவருக்கு 26. உன் அம்மாவுக்கு எட்டுக் குறைவு. அது தப்பு கண்ணு. கீழே இறங்கி வரும்போதே தெரிந்துவிட்டது.

உன்மேல் எனக்குக் கோபமில்லை. குறிப்புகளைக் கொண்டு கதை எழுதுக, தலைப்புக் கொடுத்து நீதி எழுதுக என்று பரீட்சைக்குப் பரீட்சை கேட்டுப் பழக்கியிருக்கிறோம். நீதி எழுதவில்லையென்றால் மதிப்பெண் போகும். அதே பழக்கத்தோடு எங்கள் நோட்டீஸும் 'நல்ல கருத்துள்ள கதைகள் வரவேற்கப்படுகின்றன' என்றது. கேட்டதைத்தானே கொடுத்தீர்கள்? சென்னையில் இலக்கியச் சிந்தனை என்ற அமைப்பு 1970-லிருந்து மாதாமாதம் இதழ்களில் வந்த கதைகளைப் படித்து நல்லதாக ஒன்றைத் தேர்ந்தெடுத்தது. தலைப்புக் கொடுத்து எழுதச் சொல்லவில்லை, வந்த கதைகளில் போய்த் தேடினார்கள். பெரியவர்கள் கதைக்கு அப்படித் தேடத் தெரிகிறது. பிள்ளைகள் கதை என்றால் மட்டும் ஏன் நீதியைக் கையேந்திக் கேட்கிறோம்?

அடுத்த வருடம் கருத்து என்ற கட்டமே வேண்டாம், தலைப்பும் வேண்டாம் என்று எங்கள் கூட்டத்தில் சொல்லியிருக்கிறேன். ஒருவர் சரி என்றுவிட்டார். இன்னொருவர், பிள்ளைகள் கண்டதையும் எழுதிவிடுவார்கள் என்று தயங்குகிறார். பேசிக்கொண்டிருக்கிறேன். விடுவதாக இல்லை.

அப்புறம், இன்னொன்று. நான் இருபது வருடமாக வெள்ளிப் பட்டறைகள் இருக்கும் செவ்வாய்ப்பேட்டை வழியாகப் போய் வருகிறேன். சேலம் கொலுசு வடக்கே பல ஊர்களுக்குப் போகிறது, உருக்குவது ஓர் இடம், கம்பி இழுப்பது ஓர் இடம், மெருகு போடுவது வேறோர் இடம் என்பதெல்லாம் தெரியும். உள்ளங்கால் விஷயம் தெரியாது. அதனால் போன வாரம் சிவதாபுரத்தில் தெரிந்தவர் ஒருவரோடு ஒரு வீட்டுக்குப் போனேன். அந்த அம்மா மடியில் வெள்ளைத் துணி விரித்து, சின்னக் குறடால் வளையத்தை நெருக்கிக்கொண்டிருந்தார். தலை நிமிரவே இல்லை. எழுந்ததும் துணியை நாலு மூலையும் சேர்த்துப் பிடித்துத் தட்டில் உதறினார். பிறகு சீமாறால் தரையைக் கூட்டி, அந்தத் தூசியை ஒரு பவுடர் டப்பாவில் போட்டு மூடினார். சேர்ந்ததும் விற்றால் ஏதோ வரும் என்றார்.

பிள்ளைகள் காலைத் துடைத்து அனுப்புவீர்களா என்று கேட்டேன்.

"பின்னே? கம்பித் துணுக்கு குத்திருமில்ல?" என்றார்.

உன் கதையில் எடைக்காகத் துடைக்கிறார். இவர் குத்திவிடும் என்று துடைக்கிறார். உன் வீட்டில் எதற்காக என்று நீ மறுபடியும் அம்மாவைக் கேட்டுப் பார். அவர் சொல்வது நீ எழுதியதாகவே இருக்கலாம், இல்லை வேறாகவும் இருக்கலாம்.

உன் கதைத்தாளை உறையோடு, கதையை வாங்கிக்கொண்ட அதே நூலகத்தில் கொடுத்துவைத்திருக்கிறேன். எண்ணைச் சொன்னால் போதும், பெயர் கேட்க மாட்டார்கள். நாலாம் பக்கத்தில் மட்டும் பென்சிலால் ஓரக்கோடு போட்டிருக்கிறேன், அழித்தால் போய்விடும். மற்ற பக்கங்களில் எதுவும் எழுதவில்லை. அடுத்த போட்டிக்குள் உனக்கு 20 ஆகிவிடுமோ என்று ஒரு கவலை இருக்கிறது. ஆனாலும் எழுது. போட்டிக்கு வெளியே என்றாலும் நான் படிப்பேன். அர்ஜுன் வர வேண்டாம். அவனைச் சென்னையிலேயே விட்டுவிடு. நீதியும் வேண்டாம்.

ஒன்றரை கிராம் என்றால் எத்தனை சலங்கை என்று அந்த அம்மாவிடம் கேட்டேன். உள்ளங்கையில் கொஞ்சம் வைத்துக் காட்டினார். மூச்சுவிட்டால் பறந்துவிடும் போலிருந்தது. எடை குறைந்த அன்று நீ பக்கத்தில் இருந்தாயா? தராசு யார் வீட்டில் இருந்தது? எதுவும் பேசாத அம்மா வீட்டுக்கு வந்து என்ன செய்தார், கண்ணு?