வவுனியா விளக்கமறியற் சிறைச்சாலையின் தங்குமிட வசதிகளை விரிவாக்கிச் சீரமைக்கக் கோரும் மனு

சிறைச்சாலைகள் ஆணையாளர் நாயகம் அவர்கள்,
சிறைச்சாலைகள் திணைக்களம்,
கொழும்பு.

ஐயா,

வவுனியா, மன்னார், முல்லைத்தீவு மாவட்டங்களைச் சேர்ந்த, விளக்கமறியலில் உள்ளோரின் பெற்றோரும் மனைவியரும் உடன்பிறந்தோருமாகிய நாங்கள் இம்மனுவைப் பணிவுடன் சமர்ப்பிக்கின்றோம்.

நாட்டின் சிறைச்சாலைகள் தம் கொள்ளளவைப்போல் இருமடங்குக்கும் மேலானோரை அடைத்து வைத்திருப்பதும், அவர்களுட் பெரும்பாலானோர் தீர்ப்பு வழங்கப்படாத விளக்கமறியற் கைதிகள் என்பதும் தாங்கள் அறிந்தவையே. 2023 டிசம்பரில் தொடங்கிய 'யுக்திய' எனும் போதைப்பொருள் ஒழிப்புப் பொலிஸ் நடவடிக்கை இத்தொகையை மேலும் உயர்த்தியது. படுக்க இடமின்றிக் கைதிகள் முறைவைத்து உறங்குவதையும், மலசலகூடத்திலும் படுப்பதையும் இலங்கை மனித உரிமைகள் ஆணைக்குழு 2020இல் வெளியிட்ட ஆய்வு பதிவு செய்துள்ளது. அதே ஆண்டு நவம்பரில், கொவிட் தொற்று அச்சமும் நெரிசலும் சேர்ந்து கொந்தளித்த மகர சிறைச்சாலையில் 11 பேர் உயிரிழந்தனர். அந்நிலை வேறெங்கும் வரக்கூடாது என்பதே எங்கள் அச்சமும் வேண்டுதலும் ஆகும்.

இடநெருக்கடியைத் தீர்ப்பதற்காக எம்மவரைத் தென்பகுதிச் சிறைகளுக்கு மாற்றுவதை நாங்கள் தீர்வாகக் கருதவில்லை. மன்னாரிலிருந்து வவுனியாவுக்கு வருவதற்கே ஏறத்தாழ 80 கிலோமீற்றர் பயணிக்க வேண்டும். போருக்குப் பின் பெண்களே தலைமை தாங்கும் எத்தனையோ குடும்பங்களில், ஒருநாட் கூலியை இழந்து, விடியுமுன் சமைத்த சோற்றுப் பார்சலுடன் பஸ் ஏறும் தாய்மாருக்கு அதற்கப்பாலான தூரம் பிள்ளையின் முகம் பார்க்கும் வாய்ப்பையே இல்லாமற் செய்துவிடும். கைதிகளை இயன்றவரை வீட்டுக்கு அண்மையிலுள்ள சிறையில் வைக்க வேண்டுமென 2015இல் ஐக்கிய நாடுகள் சபை ஏற்ற நெல்சன் மண்டேலா விதிகளும் கூறுகின்றன.

ஆகவே, வவுனியாவில் புதிய விடுதிகளை அமைக்கவும், அவ்வேலை முடியும்வரை காத்திராமல், சோளகக் காலத்து வெக்கையைத் தாங்கும் கூரை, காற்றோட்டம், போதிய மலசலகூடங்கள், வரட்சியிலும் வற்றாத குடிநீர் ஆகியவற்றை முதலில் ஏற்படுத்தவும் வேண்டுகின்றோம். விளக்கமறியற் கைதிகளைத் தண்டனைக் கைதிகளிடமிருந்து பிரித்து வைப்பதற்கும், பார்வையாளர் வெயிலிலும் மாரி மழையிலும் ஒதுங்குவதற்கும் இடம் ஒதுக்கப்படல் வேண்டும்.

பிணை கிடைத்தும் பிணையாளி இன்றியும், சிறு தண்டப்பணத்தைக் கட்ட வழியின்றியும் உள்ளே இருப்போரின் விபரத்தைத் திரட்டி, நீதி அமைச்சுக்கும் சட்ட உதவி ஆணைக்குழுவுக்கும் அனுப்புமாறும் கேட்டுக்கொள்கின்றோம். இதைச் செய்யாவிடின் கட்டப்படும் புதிய விடுதியும் விரைவில் நிரம்பிவிடும்.

இவ்வேலைகளை அடுத்த வரவுசெலவுத்திட்ட முன்மொழிவில் சேர்த்து, எடுக்கப்படும் நடவடிக்கையை எமக்குத் தமிழில் எழுத்துமூலம் அறியத்தருமாறு வேண்டுகின்றோம்.

இங்ஙனம்,
வன்னிப் பிரதேச விளக்கமறியற் கைதிகளின் குடும்பத்தினர்