'கரிப்பு மணிகள்' நாவலைக் காப்பாற்றித் தந்தவருக்கு

அன்புடையீர், வணக்கம். 2023 டிசம்பர் 17-ஆம் தேதி வெள்ளம் புகுந்த இரவைப் பற்றித் தூத்துக்குடிக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் தெரு வாசகசாலையில் நீர் வடிந்ததும் வந்து சேறள்ளிய இளைஞர்களுக்கும், அலமாரி தந்த ஆசிரியர்களுக்கும், 'கரிப்பு மணிகள்' எழுதிய ராஜம் கிருஷ்ணனின் நாவல்களைத் தேடிப் பிடித்து அனுப்பிய வெளியூர் வாசகர்களுக்கும் மனமார்ந்த நன்றி.

இந்த மடலை என்னை எழுத வைத்தவர், முத்தையாபுரம் பக்கத்து உப்பளத்தில் நெடுங்காலமாக உப்பு வாரும் ஓர் அம்மா. மழைக்காலத்தில் அளத்தில் வேலை கிடையாது. அவர் வீட்டிலும் வெள்ளம் புகுந்திருந்தது. அப்படியிருந்தும், நனைந்த நூல்களை நான் மாடி வெயிலில் பரப்புவதைப் பார்த்துவிட்டு ஏறி வந்தார். "எம்மா, வெயில்ல போட்டா முறுகிரும். நெழல்ல காத்தாட வைங்க" என்றவர், உப்பு நீரில் வெடித்த விரல்களால் தாள்களுக்கிடையே செய்தித்தாளைச் செருகி, அது ஈரமேறியதும் மாற்றி, நான்கு நாள்கள் உடனிருந்தார்.

அவருக்குப் படிக்கத் தெரியாது என்பதால், அவர் கையிலிருந்த, உப்பளத் தொழிலாளர் வாழ்வைச் சொல்லும் 'கரிப்பு மணிக'ளில் உலர்ந்த பக்கங்களை நான் வாசித்துக் காட்டினேன். "இவுக எந்த அளத்துல வேல பாத்தாக?" என்று எழுதியவரைப் பற்றிக் கேட்டார். ராஜம் கிருஷ்ணனின் 'வேருக்கு நீர்' நாவலுக்கு 1973-இல் கிடைத்த சாகித்திய அகாதெமி விருதைச் சொல்ல வாயெடுத்த எனக்கு, அந்தக் கேள்விக்கு முன் அது சிறியதாகத் தோன்றியது.

முசிறியில் 1925-இல் பிறந்து, இளம் வயதிலேயே மணமாகி, கல்லூரி வாசலை மிதிக்காமலே எழுத வந்தவர், உப்பளத் தொழிலாளர்களானாலும் நீலகிரிப் படகர்களானாலும் அவர்களிடமே போய்ப் பழகிக் கேட்டறிந்த பிறகுதான் எழுதினார் என்று விளக்கினேன். முதுமையில் துணையின்றி முதியோர் இல்லத்தில் இருந்தார், 2014-இல் மறைந்தபின் அவர் உடலும் மருத்துவக் கல்லூரிக்கே போயிற்று என்றபோது, அந்த அம்மா கையிலிருந்த தாளைக் கீழே வைத்துவிட்டார். "அப்பமே தெரிஞ்சிருந்தா நம்ம வீட்ல வச்சுப் பாத்திருக்கலாமே" என்றார்.

அளங்களில் மறுபடி வேலை தொடங்குவதற்குள், ஞாயிறுதோறும் மாலையில் அந்த நாவல் முழுவதையும் அவருக்கும் அவருடைய தோழிகளுக்கும் வாசித்துக் காட்டுவேன். பக்க ஓரங்களில் சேற்றுக் கறை நிற்கிறது. எழுத்து ஒன்றுகூட அழியவில்லை.