புழல் ஏரிக்கு ஒரு கட்டம், பனியேரிகளுக்கும் ஒரு கட்டம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இமயமலைப் பனியேரிகள் விரிந்து வருவது குறித்துத் தங்கள் நாளிதழில் அண்மையில் வெளியான செய்தியை ஒட்டி இதை எழுதுகிறேன். செய்தி பயனுள்ளதே. ஆயினும் தலைப்பில் 'பனிப்பாறை வெடிப்பு' என்று கண்டதும், முப்பது ஆண்டுகள் புவியியல் கற்பித்த பழக்கத்தால் என் கை சிவப்புப் பேனாவைத் தேடியது. மலைச்சரிவில் இறுகித் தன் எடையாலேயே மெல்ல இறங்கி வருவது பனியாறு. கடலில் மிதப்பது பனிப்பாறை. இரண்டும் வெடிப்பதில்லை. இதைச் சொற்பிழை என்று மட்டும் விட்டுவிடவும் முடியவில்லை. 2021 பிப்ரவரி 7 அன்று உத்தராகண்டின் சமோலியில் வெள்ளம் பாய்ந்தபோது, பனியேரி உடைந்தது என்றே முதலில் பரவலாகப் பேசப்பட்டது. ரோன்டி சிகரத்திலிருந்து ஏறத்தாழ 2.7 கோடி கன மீட்டர் பாறையும் பனியும் சரிந்ததே காரணம் என்பது செயற்கைக்கோள் படங்களை ஆராய்ந்த பிறகுதான் உறுதியாயிற்று. காரணம் வேறானால் கண்காணிக்க வேண்டிய இடமும் வேறாகிவிடும்.

பனியாறு பின்வாங்கும்போது, அது தள்ளிக்கொண்டு வந்த கல்லும் மண்ணும் கரைபோலக் குவிந்து நிற்க, உருகிய நீர் அதன் பின்னால் தேங்கிப் பனியேரியாகிறது. அந்தக் கரைக்கு மதகும் இல்லை, கலங்கலும் இல்லை. இமயமலையின் இந்திய ஆற்றுப்படுகைகளில் 10 ஹெக்டேருக்கு மேற்பட்ட 2,431 ஏரிகளுள் 676 ஏரிகள் 1984-க்குப் பிறகு குறிப்பிடத்தக்க அளவு விரிந்துள்ளன என்றும், அவற்றுள் 601 ஏரிகள் இருமடங்குக்கும் மேல் பெருகியுள்ளன என்றும் இஸ்ரோ 2024 ஏப்ரலில் அறிவித்தது. இமாச்சலப் பிரதேசத்தின் கேபாங் காட் ஏரி மட்டும் 1989-இல் 36.49 ஹெக்டேராக இருந்து 2022-இல் 101.30 ஹெக்டேராகியிருக்கிறது.

நான் சுட்டிக்காட்ட விரும்புவது சிக்கிமின் தெற்கு லோனக் ஏரியை. அதன் பரப்பு 2023 செப்டம்பர் 17-இல் 162.7 ஹெக்டேர், 28-இல் 167.4, அக்டோபர் 4-இல் 60.3. இடைப்பட்ட நீர் டீஸ்டா ஆற்றில் இறங்கி, சுங்தாங்கில் 1,200 மெகாவாட் நீர்மின் திட்டத்தின் அணையை அடித்துச் சென்றது. இந்த மூன்று எண்களும் பொதுமக்கள் பார்வைக்கு ஒன்றாக வந்தது, ஏரி உடைந்த பிறகு. அந்த ஏரி ஆபத்தானது என்று முன்பே ஆய்வாளர்கள் எச்சரித்திருந்தும், கீழே ஆற்றங்கரையில் குடியிருந்தவருக்கு அன்றாடச் செய்தியாக அது ஒருநாளும் சென்று சேரவில்லை என்றே நினைக்கிறேன்.

வடசென்னைவாசிகளாகிய எங்களுக்கு அத்தகைய அன்றாடச் செய்தியின் அருமை தெரியும். வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகளின் நீர் இருப்புக் கட்டத்தைத் தங்கள் நாளிதழில் பார்த்த பிறகே இங்கே பலர் மற்றப் பக்கங்களைப் புரட்டுகிறோம். பூண்டியில் மதகைத் திறந்தால் கொசஸ்தலை ஆற்றில் எந்த அளவுக்கு நீர் வரும், மணலியில் எந்தத் தெருவில் ஏறும், எண்ணூர் முகத்துவாரத்தில் எப்போது வடியும் என்று கணக்குப் போட்டுவிட்டுத்தான் அரிசி மூட்டையைப் பரணில் ஏற்றுவதா வேண்டாமா என்று முடிவெடுக்கிறோம். அத்தகைய ஒரு சிறு கட்டத்தைப் பனியேரிகளுக்கும் ஜூன் முதல் அக்டோபர் வரை வாரந்தோறும் வெளியிட வேண்டுகிறேன். கேதார்நாத்துக்கும் பத்ரிநாத்துக்கும் தமிழகத்திலிருந்து செல்லும் யாத்திரிகர் கூட்டம் கொஞ்சமல்ல.

மழைமேகம் மூடியிருக்கும்போது படம் எப்படிக் கிடைக்கும் என்ற கேள்வி எழலாம். சாதாரண ஒளிப்படக் கருவிக்கு அது தடைதான்; அதிலும் ஏரிகள் ததும்பும் மாதங்களே மேகம் கவியும் மாதங்கள். ஆனால் ரேடார் அலை மேகத்தை ஊடுருவும். அசைவற்ற நீர்ப்பரப்பு அதை வேறு திசைக்குத் தெறித்துவிடுவதால் ஏரி கறுப்பாகத் தெரியும். திருவொற்றியூர் மொட்டைமாடிகளில் நின்று நாங்கள் அண்ணாந்து பார்க்கும் ராக்கெட்டுகள் கிளம்பும் அதே ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து 2025 ஜூலை 30 அன்று ஏவப்பட்ட நிசார் செயற்கைக்கோள் இவ்வகைப்பட்டதே. அதன் சுற்றுப்பாதை 12 நாளுக்கு ஒருமுறை அதே இடத்தின் மேல் திரும்ப வருகிறது. சரிவு சில சென்டிமீட்டர் நகர்ந்தாலும் காட்டக்கூடியது. தெற்கு லோனக்கில் பக்கவாட்டுக் கரை சரிந்து ஏரிக்குள் விழுந்து எழுப்பிய அலையே உடைப்புக்கு வழிவகுத்தது என்பதால், ஏரியின் பரப்பைவிட அதைச் சுற்றியுள்ள சரிவின் நகர்வே சில இடங்களில் முந்திய அறிகுறியாக இருக்கும்.

கட்டத்தில் ஏரியின் பெயர், ஆற்றுப்படுகை, படம் எடுத்த தேதி, பரப்பு, முந்தைய படத்தோடு ஒப்பிட்ட வேறுபாடு ஆகியவை இருந்தால் போதும். ஒன்றை மட்டும் கவனத்தில் கொள்ள வேண்டுகிறேன்: மேலிருந்து அளப்பது பரப்பையே, ஆழத்தையும் கொள்ளளவையும் அறிய ஒருவர் படகில் இறங்கி அளந்தாக வேண்டும். ஆகவே புழல் ஏரிக்குப் போடுவதுபோல 'நீர் இருப்பு' என்று அங்கே தலைப்பிட்டுவிட வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியர்,
திருவொற்றியூர், சென்னை.