கறுக்கும் கண்ணாடி விவகாரம்

திருச்சி

அன்புள்ள பாலு,

தீபாவளிக்கு நீ போட்ட கடிதத்துக்கு இப்போதுதான் பதில். திட்டுகளைச் சேர்த்து வை, ஊருக்கு வரும்போது மொத்தமாக வாங்கிக்கொள்கிறேன். இங்கே எல்லோரும் சுகம். சின்னவள் காலேஜ் சேர்ந்துவிட்டாள். குண்டுமணி வழக்கம்போல யாருக்கோ ஜாமீன் கையெழுத்துப் போட்டுவிட்டு அலைகிறான்.

விஷயம் என் கண். பவர் ஏறியிருக்கும் என்று நினைத்துத்தான் காட்டப் போனேன். ஏறியிருந்தது. கூடவே இடது கண்ணில் புரை லேசாக ஆரம்பித்திருக்கிறதாம். "இப்ப ஒண்ணும் பண்ண வேண்டாம். வெயில்ல நிக்கிற ஆள், யுவி தடுக்கிற கண்ணாடியா போடுங்க" என்றார் டாக்டரம்மா.

கடைக்காரர் சீட்டைப் பார்த்த கையோடு வெயிலில் தானே கறுத்து நிழலில் தெளிகிற போட்டோகுரோமிக் லென்ஸை எடுத்தார். ஒரு குட்டி ஊதா விளக்கை அடித்தார், லென்ஸ் கறுத்தது. என் வீட்டம்மா அங்கேயே மயங்கிவிட்டாள். "இதையே வாங்குங்க. உங்க கையில குடையே தங்குறதில்ல, ரெண்டு கண்ணாடியா தங்கப் போகுது?" நீ வேறு டொராண்டோவில் அதையே மாட்டிக்கொண்டு, பனிக்கு நடுவே வட்டச் செயலாளர் மாதிரி நின்று போட்டோ அனுப்புகிறாய்.

ஆனால் அது உன் ஊருக்குத்தான் சரி. 1960-களில் கார்னிங் கம்பெனி முதலில் செய்தபோது கண்ணாடிக்குள்ளேயே வெள்ளி உப்பைக் கலந்தார்கள், பழைய ஃபிலிம் சுருளில் இருந்த அதே ஜாதி. இப்போதைய பிளாஸ்டிக் லென்ஸில் இருப்பது வேறு சாயம். வெயிலில் உள்ள புற ஊதா, அதாவது டாக்டரம்மா சொன்ன யுவி, பட்டால் அதன் மூலக்கூறு விரிந்து கறுக்கும், சூடு பட்டால் மடங்கித் தெளியும். பனியில் மடக்க ஆளில்லை, அதனால் உனக்கு நன்றாகக் கறுக்கிறது. இங்கே சித்திரை வெயிலில் 40 டிகிரி. ஒரு பக்கம் வெயில் விரிக்க, மறுபக்கம் சூடே மடக்கிவிடும். எங்கே அதிகம் தேவையோ அங்கேதான் அரைகுறையாகக் கறுக்கும்! கெமிஸ்ட்ரி லேபில் நீ உடைத்த குடுவைகளுக்கெல்லாம் நான் காசு கட்டியது வீண்போகவில்லை பார்.

அப்புறம் பைக். ஹெல்மெட் வைசர் பெரும்பாலும் புற ஊதாவை நிறுத்திவிடும். வைசரை இறக்கினால் லென்ஸுக்கு வெயில் அடிப்பதே தெரியாது. கார் முன்கண்ணாடிக்கும் அதே கதைதான். காருக்குள்ளும் கறுக்கிற ரகம் தனியாக உண்டு, விலை இன்னும் கூட.

கட்டட வேலை நடக்கும் சைட்டில் வேறு தொல்லை. மொட்டை மாடியில் கம்பி கட்டுவதைப் பார்த்துவிட்டு இறங்கினால் மாடிப்படி இருட்டு, கைப்பிடிச் சுவர் இன்னும் எழும்பியிருக்காது. கறுப்பு ஏறுவது ஒரு நிமிஷத்துக்குள், இறங்கச் சில நிமிஷம். சூட்டில் சீக்கிரம் தெளியும் என்கிறார் கடைக்காரர். உண்மைதான். அதுவரை படியில் நின்று நான் என்ன செய்வது? கொத்தனார் என்னை வேடிக்கை பார்ப்பதா, நான் கொத்தனாரையா?

ஊர் வாய் இருக்கிறதே, அது தனி. கறுப்புக் கண்ணாடி எம்ஜிஆருக்கு அழகு, கலைஞருக்கு அடையாளம். நான் போட்டால் மெட்ராஸ் ஐ என்று பஸ்ஸில் எழுந்து தள்ளி உட்காருவான். என் மச்சினர் இந்த லென்ஸோடு துக்க வீட்டுக்குள் போனார், மாலை போடும் வரை கறுப்பு போகவில்லை. ஒப்பாரி வைத்த கிழவி நிறுத்திவிட்டு அவரையே பார்த்தாள்.

சிரித்தாயிற்று. ஆனால் புரை என்று கேட்டதும் எனக்கு அப்பா ஞாபகம்தான். ஆபரேஷனுக்குக் கடைசிவரை ஒத்துக்கொள்ளவில்லை. நீ குரலை மாற்றி "போஸ்ட்மேன் வந்திருக்கேன் சார்" என்று ஏமாற்றுவாயே, தெரிந்துகொண்டேதான் ஏமாந்தார் என்று இப்போது தோன்றுகிறது. நம் படி ஏறும் சத்தத்திலேயே ஆளைச் சொல்கிறவர் அவர். இன்றைக்கு இது சின்ன ஆபரேஷன், அதுவும் எனக்கு இப்போது தேவையில்லை, எல்லாம் தெரியும். இருந்தாலும் ராத்திரி ஒரு கண்ணை மூடி மூடிப் பார்த்துக்கொள்கிறேன். வீட்டில் சொல்லவில்லை.

சரி, முடிவுக்கு வருகிறேன். டாக்டரம்மா கேட்டது யுவி தடுப்பு, கறுப்பு இல்லை. பாலிகார்பனேட் லென்ஸ் வெள்ளையாக இருந்தாலே புற ஊதாவை நிறுத்திவிடும். அதனால் சைட்டுக்கு அது, மாடியில் நிற்கும் நேரத்துக்குப் பவர் போட்ட ஒரு கூலிங் கிளாஸ். இதுதான் என் பக்கம். இரண்டாவதை முதல் மாதமே தொலைப்பேன் என்பது வீட்டம்மா பக்கம். இன்னும் ஆர்டர் கொடுக்கவில்லை.

நீ ஒன்று சொல். இரண்டு மூன்று வருஷத்தில் இந்த லென்ஸ் சோர்ந்துபோகும் என்கிறார்கள். உன்னுடையது பழசாகிவிட்டதே, இப்போதும் முன்புபோலக் கறுக்கிறதா, முழுசாகத் தெளிகிறதா? "ஆமாம்" என்றால் மட்டும் என் வீட்டு நம்பருக்குப் போன் பண்ணாதே. அவள்தான் எடுப்பாள்.

அன்புடன்,
சந்துரு